தமிழுக்கு எந்த எழுத்துரு? பாமினி முதல் நோட்டோ வரை ஓர் ஒப்பீடு

பள்ளி ஆண்டு மலர் போடும் ஆசிரியர், அப்பாவின் கவிதைகளைப் புத்தகமாக்க நினைக்கும் மகள், ஊர்ச் சங்கத்துக்கு இணையதளம் தொடங்குபவர் என்று பலரும் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிற என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "தமிழுக்கு எந்த ஃபான்ட் நல்லா இருக்கும்?" கேட்கும்போதே கையில் நாலைந்து மாதிரிகளும் இருக்கும். எல்லாம் திரையில் பெரிய அளவில் தலைப்பு மட்டும் போட்டுப் பார்த்தவை.

அங்கேதான் தேர்வு தடம் மாறுகிறது. தலைப்பு அளவில் எந்த எழுத்துருவும் அழகாகத்தான் தெரியும். வாசகர் படிக்கப்போவது பத்து, பதினொரு பாயின்ட் எழுத்தை. அதுவும் மட்டமான தாளில், ஜெராக்ஸ் பிரதியில், வெயிலில் பிடித்த கைபேசியில். நம் எழுத்து போய்ச் சேரும் இடங்களில் மோசமானது எதுவோ, அங்கே தாங்குகிற எழுத்துருவைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அழகு முக்கியம்தான், ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி: உள்ளே இருப்பது யுனிகோடா, அதாவது எழுத்துகளுக்கு எல்லாக் கணினிகளிலும் ஒரே எண்ணைத் தரும் பொது முறையா, இல்லையா? திரையில் தமிழாகத் தெரிவதெல்லாம் கணினிக்குத் தமிழ் அல்ல. இதைப் பாமினி பகுதியில் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு, மற்ற எல்லா அளவுகோலுக்கும் முன்னால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சின்ன அளவில் எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருப்பது. நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். தமிழில் சில எழுத்துகள் நூலிழை வித்தியாசத்தில் பிரிகின்றன. க, ச இரண்டும் மேல்பாதியில் ஏறத்தாழ ஒன்றுதான். வலப்பக்க வளைவும் அடிப்பகுதியும் சரியாக விழவில்லை என்றால் கட்டம் சட்டமாகும், கதை சதையாகும், குற்றம் சுற்றமாகும். மூன்று சுழி ண-வில் சுழிகள் அடைபட்டால் பணி பனியாகிவிடும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் நடுவே உள்ள சுழி மங்கினால் பேறு பெறு ஆகும்.

துணைக்காலும் ர-வும் இன்னொரு தொல்லை. ர-வின் அடியில் சாய்ந்து இறங்கும் வால்தான் இரண்டையும் பிரிக்கிறது. அந்த வாலைக் குட்டையாக வரைந்துவிட்டால் "பாரம்" என்ற சொல்லில் கண் ஒரு நொடி தடுக்கும். புள்ளியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு பள்ளியின் சுற்றறிக்கையில் "கல்வி" என்ற சொல்லில் புள்ளி விழாமல் போனால் என்ன ஆகும் என்று தமிழ் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புள்ளி போதுமான பருமனில், எழுத்தின் தலையில் ஒட்டாமல், மேல் வரியிலும் முட்டாமல் நிற்க வேண்டும்.

மூன்றாவது, இடம். தமிழ்ச் சொற்கள் நீளம், எழுத்துகளும் அகலம். "கொண்டுவரப்பட்டிருக்கிறது" என்ற ஒரே சொல் குறுகிய பத்தியில் முக்கால் வரியை எடுத்துக்கொள்ளும். எழுத்துரு கொஞ்சம் அகலமானால் பக்கம் கூடும். அச்சில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். உங்கள் புத்தகம் நான்கு பக்கம் கூடி அடுத்த ஃபாரத்துக்குள் கால் வைத்தால் தாள், அச்சு, பைண்டிங் மூன்றும் ஏறும். எழுத்துரு இலவசம்தான், ஆனால் அதன் அகலத்துக்கு இப்படிக் காசு போகும். இதை யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடுவதில்லை.

நான்காவது, தடிப்புகள். சாதாரணம், தடித்தது என்று குறைந்தது இரண்டு வடிவங்கள் தனித்தனியாக வரையப்பட்டிருக்க வேண்டும். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் போல்டு பொத்தானை அழுத்தினால், மென்பொருள் இருக்கிற எழுத்தையே தள்ளி இன்னொரு முறை பூசித் தடிமனாக்கிக் காட்டும். ண, ஞ, ஷ, ஐ எல்லாவற்றிலும் சுழிகள் அடைந்துவிடும். சாய்வெழுத்தும் அப்படித்தான். அழுத்தத்துக்குச் சாய்வெழுத்து போடும் மரபு தமிழ் அச்சில் வலுவானதல்ல. பெரும்பாலான எழுத்துருக்களில் நீங்கள் பார்க்கும் சாய்வு, கணினி நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துச் சாய்த்தது. அழுத்தம் கொடுக்க வேண்டிய இடத்தில் தடிப்பையோ மேற்கோள் குறியையோ பயன்படுத்துங்கள்.

ஐந்தாவது, உரிமம். கணினியோடு வந்த எழுத்துரு என்பதால் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம் என்று அர்த்தமில்லை. அதில் கடிதம் அடிக்கலாம், பிடிஎஃப் செய்யலாம். அந்த எழுத்துருக் கோப்பை உங்கள் இணையதளத்தில் ஏற்றுவதும், செயலிக்குள் வைத்துக் கொடுப்பதும் வேறு விஷயம்.

## பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள்

இலங்கையில் பாமினி, தமிழக அலுவலகங்களில் வானவில் அவ்வையார், டிடிபி கடைகளில் ஸ்ரீலிபி என்று ஒரு தலைமுறையே இவற்றில்தான் தமிழ் அடித்தது. கணினித் தமிழ் பரவியதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நன்றியோடுதான் சொல்கிறேன்: புதிய வேலையை இவற்றில் தொடங்காதீர்கள்.

காரணத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் புரியும். பாமினியில் "அம்மா" என்று அடிக்க நீங்கள் அழுத்துவது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் ஆகிய விசைகள். கோப்பில் சேமிக்கப்படுவதும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பாமினி என்ற எழுத்துரு, எம் என்ற ஆங்கில எழுத்தின் இடத்தில் அ-வின் படத்தையும், கே-யின் இடத்தில் ம-வின் படத்தையும் வைத்திருக்கிறது. எழுத்துருவை மாற்றிய நொடியில் அம்மா காணாமல் போய், பொருளில்லாத ஆங்கிலக் கோவை மிஞ்சும்.

மறைமுகச் செலவுகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. இணையத்தில் தேடினால் கிடைக்காது. கோப்புக்குள்ளேயே தேடுவதும் கஷ்டம். அகர வரிசைப்படுத்தச் சொன்னால் ஆங்கில வரிசையில் அடுக்கும். பிழைதிருத்தி வேலை செய்யாது. வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது. நடுவில் ஓர் ஆங்கிலச் சொல் வந்தால் எழுத்துருவை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்தக் கோப்பை ஆங்கில உளறலாகத்தான் வாசிக்கும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

யுனிகோடுக்கு மாற்றித் தரும் நிரல்கள் நிறைய உண்டு. ஆனால் மாற்றியபின் வரிவரியாக மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். பழைய கோப்பில் ஆங்கிலமாகவே அடித்திருந்த பெயர்களையும் மாற்றி அர்த்தமற்ற தமிழாக்கி வைத்திருக்கும். மேற்கோள் குறிகள் எழுத்துகளாக மாறியிருக்கும். இருநூறு பக்கப் புத்தகத்துக்கு இந்த வேலை லேசானதல்ல.

தமிழக அரசு 2010-இல் யுனிகோடையும் டேஸ் 16 என்ற குறியேற்றத்தையும் (எழுத்துகளுக்கு எண் தரும் முறை) தரமாக அறிவித்தது. அதற்கு முன் 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித்தான் டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. ஆக, ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக எழுத்தை அடுக்குவதால் வரும் சிக்கல் அப்போதே தெரிந்திருந்தது. பழக்கம்தான் விடவில்லை.

சரி, இன்றும் இவை பொருந்தும் இடம் உண்டா? உண்டு. உங்கள் அச்சகம் இன்னும் பேஜ்மேக்கரில்தான் வேலை செய்கிறது, வேறு அச்சகம் பக்கத்தில் இல்லை, அழைப்பிதழ் நாளை மறுநாள் வேண்டும் என்றால் வேறு வழியில்லை. பேஜ்மேக்கர் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள், அதற்கு யுனிகோடு தெரியாது. அப்போதும் மூலத்தை யுனிகோடில் அடித்து வைத்துக்கொண்டு, அச்சகத்துக்கு மட்டும் பழைய எழுத்துருவில் மாற்றிய பிரதியைக் கொடுங்கள். திருத்தங்களை மூலத்திலும் ஏற்றிவிடுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது அதன் அருமை தெரியும்.

## லதா

விண்டோஸ் 2000-த்தோடு வந்த எழுத்துரு. யுனிகோடுத் தமிழை நம்மில் பலர் முதன்முதலில் பார்த்தது லதாவில்தான். இன்றும் வரும் தமிழ் வேர்ட் கோப்புகளில் பெரும்பகுதி லதாவில் இருக்கிறது. அடித்தவர் தேர்ந்தெடுத்ததால் அல்ல. ஆபிஸின் இயல்பு அமைப்பிலேயே தமிழுக்கு லதா என்று குறித்து வைத்திருப்பதால்.

லதாவின் பலம் தெளிவு. சுழிகள் விரிந்து திறந்திருக்கும், ண-வும் ன-வும் குழம்பாது. மங்கலான பிரிண்டரிலும் தாங்கும். முதியவர்களுக்கான அறிவிப்பு, பிரார்த்தனைத் தாள், பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சித் தாள் போன்றவற்றுக்கு நான் இதை ஒதுக்க மாட்டேன்.

பலவீனம் அகலம். அதே அளவில் அடித்த மற்ற எழுத்துருக்களைவிட லதா தாராளமாக இடம் எடுக்கும். ஒரே பாயின்ட் எண்ணில் பக்கத்து ஆங்கிலத்தை அமுக்கிவிட்டுத் தமிழ் பெரிதாக நிற்கும். தொடர்ந்து பத்துப் பக்கம் படித்தால் சத்தமாகப் பேசுபவர் எதிரில் உட்கார்ந்த உணர்வு எனக்கு வரும். புத்தகத்துக்கு வேண்டாம் என்பேன்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 10 முதல் லதா எல்லாக் கணினியிலும் தானாக இருப்பதில்லை. தமிழை ஒரு மொழியாகச் சேர்த்தால் வரும் கூடுதல் எழுத்துருத் தொகுப்பில் அது இருக்கிறது. நீங்கள் லதாவில் நேர்த்தியாகப் பக்கம் பிரித்து அனுப்பிய கோப்பு, அது இல்லாத கணினியில் வேறு எழுத்துருவில் திறந்து, பக்க எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். பிடிஎஃப்பாக அனுப்புங்கள். வேர்டாகவே அனுப்பியாக வேண்டுமென்றால், சேமிப்பு அமைப்பில் எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கும் வசதியை இயக்குங்கள்.

## நிர்மலா யூஐ

2012-இல் விண்டோஸ் 8-ஓடு வந்தது. இந்திய மொழிகளோடு சிங்களத்தையும் ஒரே குடும்பத்தில் அடக்கியிருக்கிறார்கள். பெயரில் உள்ள யூஐ (யூசர் இன்டர்ஃபேஸ், அதாவது பயனர் இடைமுகம்) சொல்வதுபோல, திரையில் பட்டியல்களும் பொத்தான்களும் காட்டுவதற்காக உருவானது. லதாவைவிட ஒடுக்கம், கோடு சீராக ஓடும், ஆங்கில எழுத்தோடு அளவு ஒத்துப்போகும். சாதாரணம், தடித்தது, சற்று மெலிந்தது என்று மூன்று தடிப்புகள்.

அலுவலகக் கடிதம், விலைப்பட்டியல், எக்செல் கணக்கு, தமிழும் ஆங்கிலமும் மாறிமாறி வரும் விண்ணப்பம் ஆகியவற்றுக்கு இதைத் தாராளமாக எடுங்கள். இலங்கையில் தமிழும் சிங்களமும் ஒரே பக்கத்தில் வரும் அறிவிப்புக்கு இதைவிடச் சுலபமான வழி விண்டோஸில் இல்லை. இரண்டும் ஒரே கை வரைந்ததுபோல் இருக்கும்.

ஆனால் புத்தகப் பக்கத்தில் இது வறண்டு நிற்கிறது. கதையோ கட்டுரையோ இதில் படித்தால் படிவம் நிரப்புகிற நினைப்பு வருகிறது. பல மொழிகளின் மேல்கீழ் நீட்டல்களுக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் வரி இடைவெளியும் அகலம். வேறோர் ஆங்கில எழுத்துருவோடு கலந்தால் தமிழ் வரும் வரி விரிந்தும், ஆங்கிலம் மட்டும் வரும் வரி ஒடுங்கியும் நிற்கும். வேர்டில் வரி இடைவெளியைச் "சிங்கிள்" என்று விடாமல், "எக்ஸாக்ட்லி" என்று எண் கொடுத்துப் பூட்டினால் சரியாகும்.

வேர்டைப் பற்றி இன்னொரு விஷயம். எழுத்துருப் பெயரை மாற்றியும் தமிழ் மாறவே இல்லை என்று அடிக்கடி குறைப்படுகிறார்கள். வேர்ட் தமிழைக் "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்" என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. கன்ட்ரோல், டி அழுத்தினால் திறக்கும் பெட்டியில் அந்தத் தலைப்பின்கீழ் எழுத்துரு, அளவு, தடிப்பு மூன்றையும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

## நோட்டோ சான்ஸ், நோட்டோ செரிஃப்

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். கூகுளும் மோனோடைப் நிறுவனமும் சேர்ந்து உலக எழுத்து முறைகள் எல்லாவற்றுக்கும் எழுத்துரு செய்யும் திட்டத்தில் பிறந்தவை நோட்டோ. தமிழுக்கு இரண்டு முகம்: கோடு ஒரே பருமனில் ஓடும் சான்ஸ், தடிப்பும் மெலிவும் மாறிவரும் செரிஃப். இரண்டிலும் மெல்லிசு முதல் கனத்தது வரை ஒன்பது தடிப்புகள். திறந்த உரிமம் என்பதால் புத்தகம் விற்கலாம், தளத்தில் ஏற்றலாம், செயலியில் வைக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

நோட்டோ சான்ஸ் தமிழைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆண்ட்ராய்டு கைபேசியில் நீங்கள் படிக்கும் தமிழ் பெரும்பாலும் அதுதான், கைபேசி நிறுவனம் தன் சொந்த எழுத்துருவைப் போட்டிருந்தால் தவிர. இதில் ஒரு நன்மை உண்டு. வாசகரின் கண் ஏற்கெனவே அதற்குப் பழகியிருக்கிறது. எழுத்துகள் நிமிர்ந்து, இறுக்கமாக, இடத்தை வீணாக்காமல் நிற்கும். கைபேசியில் படிக்கப்போகிற பிடிஎஃப், சங்கத்தின் அறிக்கை, நிகழ்ச்சி நிரல் எல்லாவற்றுக்கும் என் முதல் தேர்வு இதுதான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட வாசிப்பில் சான்ஸ் தட்டையாக இருக்கிறது. எல்லா எழுத்தும் ஒரே கனத்தில் வரிசையாக நிற்பதால் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. தமிழ் எழுத்து ஓலையிலும் தாளிலும் கையால் வளர்ந்தது. ழ-வின் கீழே இறங்கும் வளைவும், ஞ-வின் உள்சுழியும், ஐகாரக் கொம்பின் இரட்டைச் சுழியும் கோட்டின் பருமன் மாறும்போதுதான் உயிர் பெறுகின்றன என்று நான் நினைக்கிறேன். வேறு கருத்து உள்ளவர்களும் உண்டு. இளைய வடிவமைப்பாளர்கள் பலர் சீரான கோட்டைத்தான் விரும்புகிறார்கள். திரையில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, தாளில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

புத்தகம் என்றால் நோட்டோ செரிஃப் தமிழைத்தான் நான் கை காட்டுவேன். டெமி அளவுப் பக்கத்தில் பதினொரு பாயின்ட் எழுத்து, பதினாறு பாயின்ட் வரி இடைவெளி, நல்ல மேப்லித்தோ தாள். இந்தச் சேர்க்கையில் ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துப் படித்துப் பாருங்கள். சொற்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும், வரியும் கலையாது. உண்மையாகவே வரைந்து வைத்த சாய்வு வடிவமும் இதற்கு இருக்கிறது. மேலே சொன்ன காரணத்தால் நான் அதை அடிக்குறிப்புகளைத் தாண்டிப் பயன்படுத்துவதில்லை.

இதற்கான விலை: மெலிந்த கோடுகள். ஜெராக்ஸ் எடுத்து மறுபடி ஜெராக்ஸ் எடுக்கும் தாளில் அவை அறுந்துபோகும். ஒன்பது பாயின்ட்டுக்குக் கீழே, நியூஸ்பிரின்ட் தாளில் இதைப் போடாதீர்கள். அந்த இடத்தில் சான்ஸுக்கே திரும்பிவிடுங்கள். அல்லது செரிஃபிலேயே ஒரு படி கூடுதல் தடிப்பை எடுங்கள். ஒன்பது தடிப்புகள் இருப்பதன் பயன் அங்கேதான்.

அச்சுக்கு இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பத்தி அமைப்பில் "வேர்ல்ட் ரெடி கம்போசர்" என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்புகள் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், ஒகரமும் ஓகாரமும் சிதறும். உடனே எழுத்துரு மேல் பழி போட்டுப் பாமினிக்குத் திரும்பிய டிடிபி நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்துருவில் ஒரு பிழையும் இல்லை, அமைப்பில் ஒரு தேர்வு போதும். ஃபோட்டோஷாப்பிலும் இதற்கு இணையான ஒரு தேர்வு இருக்கிறது.

## முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், மற்றவை

கூகுள் எழுத்துருத் தொகுப்பில் தமிழுக்கு இப்போது நல்ல கூட்டம் இருக்கிறது. எல்லாம் திறந்த உரிமம். கூகுள் டாக்ஸிலும் மொழியைத் தமிழ் என்று வடிகட்டினால் வரிசையாக வரும்.

முக்தா மலர் மும்பையின் ஏக் டைப் குழு செய்தது. ஏழு தடிப்புகள். ஆங்கில எழுத்தும் தமிழும் ஒன்றுக்கொன்று இணக்கம். இணையதளத்தில் நீண்ட கட்டுரைக்கு இதைப் பரிந்துரைப்பேன். நோட்டோ சான்ஸைவிட வளைவுகளில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. ஹிந்த் மதுரை இந்தியன் டைப் ஃபவுண்ட்ரியுடையது, ஐந்து தடிப்புகள். செயலிகளின் பட்டியல்கள், குறுஞ்செய்திகளுக்கு நன்று.

கேட்டமரான் பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது, ஒன்பது தடிப்புகள். தலைப்புகளில் கம்பீரம். ஆனால் உடல் எழுத்தாக, அதாவது தொடர் உரைக்கு, வேண்டாம். அதன் ஒரே சீரான கோடும் கட்டுக்கோப்பும் சுவரொட்டிக்குப் பலம், நான்கு பத்தி தாண்டினால் சுமை. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்த கவிவாணர், பவனம் இரண்டும் ஒற்றைத் தடிப்பு. கவிவாணரின் கையெழுத்துச் சாய்வு அழைப்பிதழின் ஒரு வரிக்கு, வாழ்த்து அட்டைக்கு அழகு. அதில் ஒரு முழுப் பக்கக் கடிதம் அடித்து அனுப்புகிறவர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் வேண்டிக்கொள்கிறேன், வாசிப்பவரை நினைத்துப் பாருங்கள் என்று.

மீரா இனிமையும் ஒற்றைத் தடிப்புதான். உடல் எழுத்துக்கு இனிமையானது, ஆனால் உபதலைப்புக்கு வேறு எழுத்துரு துணைக்கு வேண்டும். அதில் போல்டு பொத்தானைத் தொட வேண்டாம்.

இந்தக் குழுவின் மறைமுகச் செலவு இணையத்தில்தான். வாசகரின் கைபேசியில் இல்லாத எழுத்துருவை ஒவ்வொரு முதல் வருகையிலும் இறக்க வேண்டும். ஒவ்வொரு தடிப்பும் தனிக் கோப்பு. ஏழும் இருக்கிறதே என்று ஏழையும் ஏற்றினால் கிராமத்து நெட்வொர்க்கில் பக்கம் வெறுமையாக நிற்கும். இரண்டு தடிப்பு போதும்.

| எழுத்துரு | எங்கே கிடைக்கும் | தடிப்புகள் | உரிமம் | என் கணிப்பில் பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| பாமினி, வானவில் வகை | பழைய டிடிபி கணினிகள் | மாறும் | மாறும் | யுனிகோடு ஏற்காத அச்சகம் மட்டும் |
| லதா | விண்டோஸ் | 2 | மைக்ரோசாஃப்ட் | முதியோர், பிள்ளைகளுக்கான தாள் |
| நிர்மலா யூஐ | விண்டோஸ் 8 முதல் | 3 | மைக்ரோசாஃப்ட் | அலுவலகம், பன்மொழிப் படிவம் |
| நோட்டோ சான்ஸ் | ஆண்ட்ராய்டு, கூகுள் | 9 | திறந்தது | கைபேசியில் படிக்கும் பிடிஎஃப், அறிக்கை |
| நோட்டோ செரிஃப் | கூகுள் | 9 | திறந்தது | புத்தகம், மலர் |
| முக்தா மலர் | கூகுள் | 7 | திறந்தது | இணையக் கட்டுரை |
| ஹிந்த் மதுரை | கூகுள் | 5 | திறந்தது | செயலி, பட்டியல் |
| கேட்டமரான் | கூகுள் | 9 | திறந்தது | தலைப்பு, சுவரொட்டி |
| மீரா இனிமை | கூகுள் | 1 | திறந்தது | தலைப்பு குறைந்த தொடர் உரை |

மேக் வைத்திருப்பவர்கள் தமிழ் எம்என், தமிழ் சங்கம் எம்என், இணைமதி எங்கே என்று கேட்பார்கள். கணினித் தமிழுக்கு நெடுங்காலமாக உழைத்துவரும் மலேசியாவின் முத்து நெடுமாறனுடைய படைப்புகள் அவை, தரத்தில் குறைந்தவை அல்ல. மேக்கிலேயே தொடங்கி மேக்கிலேயே முடியும் வேலைக்கு நன்றாகவே பொருந்தும். கோப்பு விண்டோஸுக்குப் போகும் என்றால் இரண்டிலும் நிறுவக்கூடிய திறந்த எழுத்துருவுக்கு மாறிவிடுவது நிம்மதி.

## யாருக்கு எது

ஆண்டு மலர் போடும் ஆசிரியருக்கு: பிள்ளைகளின் படைப்புகள் பத்துப் பதினைந்து பேரிடமிருந்து பத்துவித எழுத்துருவில் வரும். முதல் வேலையாக எல்லாவற்றையும் யுனிகோடாக்குங்கள். உடலுக்கு நோட்டோ செரிஃப், தலைப்புக்குக் கேட்டமரான் கனத்த தடிப்பு. இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் எழுத்துரு மாறினால் மலர் கலகலப்பாக இருக்காது, கலைந்துதான் இருக்கும். அச்சகம் மலிவுத் தாள் போடும் என்றால் மட்டும் உடலை நோட்டோ சான்ஸுக்கு மாற்றுங்கள்.

அப்பாவின் கவிதைகளுக்கு: தயங்காமல் நோட்டோ செரிஃப். கவிதையில் வரிகள் குறுகியவை, சுற்றிலும் வெற்றிடம் உண்டு, ஆகவே பன்னிரண்டு பாயின்ட் வரை போகலாம். வரிகளை இரு ஓரமும் சமன் செய்யாதீர்கள். நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு நடுவே ஓட்டைகள் விழும். அப்பா கையால் எழுதிய பிரதி இருந்தால், முகப்புப் பக்கத்தில் கவிவாணர் போடுவதைவிட அந்தக் கையெழுத்தையே ஸ்கேன் செய்து வையுங்கள்.

சங்கத்தின் தளத்துக்கு: முக்தா மலர், சாதாரணமும் தடித்ததும் மட்டும். அது இறங்குவதற்குள் கைபேசியிலேயே உள்ள தமிழ் எழுத்துருவில் உரை தெரியும்படி வடிவமைப்பவரிடம் கேட்டுச் செய்யுங்கள். உறுப்பினர்களில் வயதானவர்கள் அதிகம் என்றால் அளவை ஒரு படி ஏற்றுங்கள். ஆங்கிலத் தளத்தில் போதுமான அளவு தமிழுக்குப் பெரும்பாலும் போதாது.

அலுவலகத்தில் தினம் கடிதம் அடிப்பவருக்கு நிர்மலா யூஐ போதும். எழுத்துருத் தேடலில் நேரம் செலவிட வேண்டியதில்லை. அரசு அலுவலகம் குறிப்பிட்ட எழுத்துருவைக் கேட்டால் கேட்டதையே கொடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தரும் யுனிகோடு எழுத்துருக்களும் இருக்கின்றன, அவற்றையும் பார்க்கலாம்.

எதை முடிவு செய்தாலும் முழுக் கோப்பையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனைத் தாள் போடுங்கள். உங்கள் உரையிலிருந்தே ஒரு பத்தியை எடுங்கள். அதன் கீழே கட்டம், சட்டம், குற்றம், சுற்றம், பனி, பணி, பெறு, பேறு, பாரம், கல்வி, ஞாயிறு, ஸ்ரீ ஆகிய சொற்களையும், ஒரு தொலைபேசி எண்ணையும், ஓர் ஆங்கிலப் பெயரையும் சேருங்கள். மனதில் உள்ள இரண்டு எழுத்துருக்களிலும் அதே அளவில், உண்மையில் பயன்படுத்தப்போகும் தாளில் அச்செடுங்கள். அதை ஒருமுறை ஜெராக்ஸ் எடுங்கள். வீட்டில் கண்ணாடி போட்டுப் படிப்பவர் யாராவது இருந்தால், எது எந்த எழுத்துரு என்று சொல்லாமல் அந்த இரண்டு ஜெராக்ஸ்களையும் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்தத் தாளில் அதிகம் தடுமாறுகிறாரோ அந்த எழுத்துருவை விட்டுவிடுங்கள்.